வழியம்பலம் புறம்போக்கு: ஒரு கல்மண்டப வழக்கு

சாலையை அகலப்படுத்துவதற்காகத் தயாரித்த அகற்றல் பட்டியலில் ‘பழுதடைந்த நிழற்குடை – 1’ என்று ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் வரியில் ஒரு பெட்டிக்கடை, கீழ் வரியில் இரண்டு மின்கம்பங்களும் ஒரு புளியமரமும். பன்னிரண்டு கல்தூண்களும், மேலே கற்பலகை பாவிய கூரையும், உத்தரத்தில் கல்வெட்டும் உள்ள ஒரு வழியம்பலம், அதாவது வழிப்போக்கர் தங்கிப்போகும் மண்டபம், எப்படி நிழற்குடை ஆயிற்று என்று அப்புறம் விசாரித்தேன். கணக்கெடுக்கப் பையன் வந்த அன்று நல்ல மழையாம். அவனும் அதற்குள்தான் ஒதுங்கி நின்றிருக்கிறான். நின்றவன் நிழற்குடை என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். தப்புச் சொல்ல முடியாது. கட்டினவர்களும் அதற்காகத்தானே கட்டினார்கள்.

இடம் கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் தாலுகா. களியக்காவிளை, தக்கலை வழியாக நாகர்கோவிலுக்குப் போகும் பழைய பாதையிலிருந்து பிரிகிற ஒரு கிளைச்சாலை. ஊர்ப் பெயரை எழுதவில்லை, வழக்கின் ஒரு கிளை இன்னும் நிலுவையில் இருக்கிறது. நான் அப்போது பத்மநாபபுரம் நீதிமன்றங்களில் தொழில் செய்த ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். அவர் இப்போது கோர்ட்டுக்கு வருவதில்லை. பழைய கட்டடங்களுக்காக வாதாடுகிற வேலை எப்படிப்பட்டது என்று புதிதாக வரும் வக்கீல்கள் என்னிடம் கேட்கும்போது இந்த ஒரு வழக்கைத்தான் சொல்கிறேன். இதில் ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு, என் கையால் கெடுத்ததும் உண்டு.

சீனியரைப் பற்றி

‘பழைய ஆதாரம் வாசிக்கிற வக்கீல்’ என்றுதான் அவருக்குப் பெயர். ஆதாரம் என்றால் எங்கள் பக்கத்தில் பத்திரம். எங்கள் மாவட்டத்தில் 1956-க்கு முந்தைய பத்திரங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். தேதி கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள வருஷத்தில், போட்டிருக்கும். ஒற்றி, பண்டாரவகை, தண்டப்பேர் என்று சொற்கள் வரும். இன்றைய வக்கீல்களில் பாதிப்பேருக்கு அது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். சீனியருடைய அப்பா ஆதாரம் எழுத்துக்காரர். பையனாக இருந்தபோதே அவருக்கு மை தொட்டுக் கொடுத்துப் பழகியதால் இவருக்கு அந்த எழுத்தும் நடையும் ஒட்டிக்கொண்டன. மற்ற வக்கீல்கள் தங்கள் கட்சிக்காரர்களை வாசிப்பதற்கு மட்டும் இவரிடம் அனுப்புவார்கள். வாசிக்கப் போன இடத்தில் வழக்கும் வரும்.

மரபுக் கட்டடங்களைக் காக்கும் வக்கீலாக வேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை. ஆபீஸ் வாடகையைக் கொடுத்தது பாகப்பிரிவினை வழக்கும் செக் வழக்கும் வாகன விபத்து வழக்கும்தான். ஆனால் பாகப்பிரிவினை வழக்கு அவரைப் பழைய வீடுகளுக்குள் கொண்டுபோய்விட்டது. எங்கள் பக்கத்தில் பழைய வீட்டைச் சாய்ப்பது மழையும் கரையானும் அல்ல, பங்குதான். நடுமுற்றத்தைச் சுற்றி நாலு கட்டாக நிற்கும் நாலுகெட்டு வீட்டை அளந்து நாலாக வெட்ட முடியாது. இறுதித் தீர்ப்பாணை வருவதற்கு முன்பே மரவியாபாரி வாசலில் வந்து நிற்பார். பலா உத்தரத்துக்கு ஒரு விலை, தேக்குக் கதவுக்கு ஒரு விலை, நெல் கொட்டுகிற பத்தாயத்துக்கு ஒரு விலை. மூன்று நாளில் வீடு லாரியில் ஏறிவிடும்.

சொத்து யாருக்கு எத்தனை பங்கு என்று கணக்குப் போடுவதே இங்கே லேசான காரியம் இல்லை. தாய்வழியில் சொத்து இறங்கும் மருமக்கத்தாய முறையில் இருந்த குடும்பங்களுக்கு 1925-இல் நாயர் சட்டமும், 1926-இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமும் திருவிதாங்கூர் அரசு போட்டவை. அந்தத் தேதிக்கு முன்பு பிறந்தவர், பின்பு பிறந்தவர் என்று ஆள் எண்ண வேண்டும். இதற்கு நடுவில் ஒரு வீட்டைக் காப்பாற்ற சீனியர் எடுத்த ஆயுதம் 1893-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம். மரபு என்கிற பேச்சே இல்லாத சட்டம் அது. பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணமாகப் பங்கு போடும்படி பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர்கள் கேட்டால் கோர்ட் விற்கச் சொல்லலாம் என்கிறது 2-ஆம் பிரிவு. அப்படிக் கேட்டால், மற்றப் பங்காளி மதிப்புப் போட்ட விலைக்கு அவர்கள் பங்கைத் தானே வாங்கிக்கொள்ளலாம் என்கிறது 3-ஆம் பிரிவு. வீட்டின்மேல் ஆசையுள்ள ஒரே ஒரு தங்கைக்கு இந்த மூன்றாம் பிரிவை வைத்து ஒரு முழு வீட்டையும் அவர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டில் இன்றைக்கும் விளக்கு எரிகிறது.

அவரிடம் நான் கேட்ட முதல் பாடம் இதுதான்: “அழகு, பழமை எல்லாம் பெறவு பாக்கலாம் மக்களே. அது யாருக்குள்ளதுன்னு முதல்ல பாரு.”

மனு போன திசை

வழியம்பலத்துக்காக எங்களிடம் வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரில் எல்லோருக்கும் அவர் பெரியசார். தூண்களில் சிவப்புப் பெயின்டால் எண் போட்டதைப் பார்த்துவிட்டு, அவரே இரண்டு மாதமாக மனு எழுதிக்கொண்டிருந்தார். மனுக்களின் நகலைப் பார்த்தால், முதல் மூன்றும் திருவனந்தபுரத்துக்குப் போயிருந்தன, கேரளத் தொல்லியல் துறைக்கு.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு இல்லை. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மண் இந்தப் பக்கம் வந்தது. ஆனால் பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் இன்றுவரை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் டிக்கெட் கிழிப்பது கேரள அரசு. அதைப் பார்த்து வளர்ந்த ஒருவர், மகாராஜா காலத்துக் கல்லுக்கு எல்லாம் அவர்கள்தான் பொறுப்பு என்று நினைத்ததில் என்ன ஆச்சரியம்? அங்கிருந்து, இது எங்கள் எல்லைக்குள் வராது என்று மரியாதையாக ஒரு பதில் வந்திருந்தது. இரண்டு மாதம் போய்விட்டது.

மண்டபத்தை நாங்கள் போய்ப் பார்த்தோம். மூன்று வரிசை, வரிசைக்கு நாலு தூண். தூண்மேல் போதிகை, போதிகைமேல் உத்தரம், அதன்மேல் பாவுகல். சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக உட்கார வைத்தது. பக்கத்தில் ஒரு கிணறு, மாடு தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, கொஞ்சம் தள்ளி, தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கி. சுமைதாங்கி பெரும்பாலும் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது. பெயர் இல்லாத கல்லாக இருந்தாலும் யாரோ ஒரு வீட்டுத் துக்கம் அது. மண்டபத்தின் ஓரமாக ஒரு அக்கா டீக்கடை வைத்திருந்தார். அவருடைய பால் பாத்திரம் இருந்தது ஒரு தூணின் காலடியில்.

கிழக்கு உத்தரத்தில் மூன்று வரிக் கல்வெட்டு. சாலைத் தூசியும் சுண்ணாம்பும் ஏறி முக்கால் வாசி போயிருந்தது. கொல்லம் என்ற சொல் தெரிந்தது. அதன்பின் ௯௱ (தொள்ளாயிரம்) இருந்தது, அடுத்த குறி தேய்ந்து போயிருந்தது, அதன்பின் ௰௮ (பத்துக் குறியும் எட்டும்). சீனியர் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அங்கேயே கணக்குப் போட்டார். பழைய தமிழ் எண் முறையில் பத்துக் குறிக்கு முன்னால் ஒரு எண் இருந்தால் அது இரண்டிலிருந்து ஒன்பதுக்குள்தான் இருக்க வேண்டும். 908 என்றால் பத்துக் குறியே வராது. 918 என்றால் பத்துக்கு முன்னால் எண் வராது. ஆக, இது 928-க்கும் 998-க்கும் இடையில். இங்கிலீஷ் வருஷத்தில் 1752-53-இலிருந்து 1822-23 வரை. மார்த்தாண்ட வர்மா காலமாகவும் இருக்கலாம், பிரிட்டிஷ் ரெசிடென்ட் வந்துவிட்ட காலமாகவும் இருக்கலாம்.

வரலாறு எழுதுகிறவருக்கு அந்த எழுபது வருஷ இடைவெளி பெரிய தலைவலி. வக்கீலுக்கு ஒன்றுமே இல்லை. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ‘தொன்மையான சின்னம்’ என்பதற்குக் கேட்பது நூறு வருஷம். எந்த எண்ணை வைத்தாலும் தாண்டிவிடும். “தேஞ்ச எழுத்துக்காகச் சண்டை போடாத. நமக்கு அது வேண்டாம்” என்றார் சீனியர்.

எந்தச் சட்டம் கைகொடுக்கும்

ஒன்றும் கைகொடுக்காது என்பதுதான் முதல் பதில்.

அரசியலமைப்பின் 49-ஆம் உறுப்பு, நினைவுச்சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என்கிறது. ஆனால் அது நாடாளுமன்றச் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவித்தவற்றுக்கு. 51ஏ உறுப்பின் ‘எஃப்’ கூறு, நமது கலப்புப் பண்பாட்டின் வளமான மரபைப் போற்றிக் காப்பது குடிமகனின் கடமை என்கிறது. 1976-இல் 42-ஆம் திருத்தத்தில் வந்தது. மனுவின் முதல் பத்தியில் போட நன்றாக இருக்கும். ஜேசிபியை அது நிறுத்தாது.

1958-ஆம் ஆண்டுச் சட்டம் பல் உள்ள சட்டம். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டுமானத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். 1992-இல் அறிவிக்கையாக வந்த இந்த எல்லைகளுக்கு நடுவில் விலக்கு மேல் விலக்காகக் கொடுத்துவந்தார்கள். 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நடைமுறையைச் செல்லாது என்றது. அதன் பிறகு 2010-இல் திருத்தம் வந்து எல்லைகள் சட்டத்துக்குள்ளேயே ஏறின. எங்கள் தாலுகாவிலேயே, டச்சுக் கம்பெனியிலிருந்து வந்து மார்த்தாண்ட வர்மாவின் தளபதியான டிலனாயின் கல்லறை உள்ள உதயகிரிக் கோட்டை இந்தப் பாதுகாப்பில்தான் இருக்கிறது. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால்தான் இதெல்லாம். மாநிலத்துக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு, அதிலும் அரசு முதலில் அறிவிக்க வேண்டும். 2012-இல் இயற்றிய மரபு ஆணையச் சட்டம் வெகுகாலம் நடைமுறைக்கு வராமலே கிடந்தது.

சென்னையில் அண்ணா சாலை பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடக் கதையை அப்போது நான் சொன்னேன். 1897-இல் கட்டியது. 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள், மரபுச் சின்னங்களுக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போய் நிறுத்தியது, 2010-இல் காப்பாற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. சீனியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது பட்டியல்ல இருந்துதா இல்லியா?” என்றார். இருந்தது. விளம்பரப் பலகை வழக்கில் நீதிமன்றம் அமைத்த நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த பட்டியலில் அந்தக் கட்டடம் இருந்தது. எங்கள் மண்டபம் இடம்பெற்ற ஒரே பட்டியல் அகற்றல் பட்டியல்.

அதனால்தான் அவர் நில ஆவணத்துக்குப் போனார்.

நாலு சென்ட்

சாலைத் துறையின் வாதம் எளிது. மண்டபம் நிற்கும் இடம் சாலைப் புறம்போக்கு, எங்கள் நிலத்தில் உள்ளதை நாங்கள் எடுக்கிறோம். தாலுகா ஆபீஸில் இன்றைய நிலக்கணக்கான ‘அ’ பதிவேட்டைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. ஒரே சர்வே எண், ஒரே நீளமான சாலை.

ஆனால் இது தமிழ்நாட்டில் சேர்ந்த பிறகு நடந்த மறு அளவையின் எண். அதற்கு முன்பு திருவிதாங்கூர் அரசு 1880-களில் தொடங்கி 1911-இல் முடித்த நிலவரித் திட்டம் ஒன்று உண்டு. அந்தச் செட்டில்மென்ட் பதிவேடு மலையாளத்தில் இருக்கும். எங்கள் கிராமத்துக்குரிய ஏடு தாலுகா ஆபீஸில் செல்லரித்து, நடுவில் பக்கங்கள் இல்லாமல் இருந்தது. சரி, திருவனந்தபுரத்தில் பார்ப்போம் என்று இரண்டு பேரும் பஸ் ஏறினோம். கோட்டைப் பகுதியில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு எத்தனை தடவை போனோம் என்று இப்போது நினைவில்லை. களியக்காவிளையில் பஸ் மாறும்போதெல்லாம் பழம்பொரி தின்றது நினைவிருக்கிறது.

கிடைத்தது ஒரு வரி. பழைய எண்ணுக்குக் கீழே ஒரு உட்பிரிவு, பரப்பு நாலு சென்ட், விவரம்: வழியம்பலமும் கிணறும். குறிப்பு: தண்ணீர் தர்மம். வரி இல்லை. அடுத்த உட்பிரிவுதான் சாலை.

அந்த ஒரு வரிக்காக சீனியர் காப்பகத்து வராந்தாவில் நின்று என் தோளில் தட்டினார். இருபது வருஷப் பழக்கத்தில் அவர் அப்படித் தட்டியது மொத்தம் இரண்டு தடவை. வழியம்பலத்துக்கென்று தனி உட்பிரிவு இருந்திருக்கிறது என்றால், அது சாலையின் பகுதி அல்ல. மறு அளவையில் உட்பிரிவுகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கியிருக்கிறார்கள். வகை மாற்றம் செய்து வருவாய்த் துறை உத்தரவு போட்டிருந்தால் வேறு விஷயம். அப்படி ஓர் உத்தரவைக் காட்டுங்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். கோப்பில் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் எங்கள் வழக்கின் முதுகெலும்பு.

இன்னொரு ஆவணமும் இருந்தது, பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டு மரப்பெட்டியில். பழைய விலையாதாரம், அதாவது கிரயப் பத்திரம். அதில் கிழக்கு எல்லையாக ‘வழியம்பலம் பறம்பு’ என்று எழுதியிருந்தது. நான் குதித்தேன். சீனியர் குதிக்கவில்லை. இரண்டு பேர் தங்களுக்குள் எழுதிக்கொண்ட பத்திரத்தில் எல்லை என்று குறித்ததை மூன்றாம் ஆளுக்கு எதிராகச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதற்குத் தீர்ப்புகளும் நிறைய. முப்பது வருஷம் தாண்டிய பத்திரம் என்பதால் கையெழுத்து மெய் என்று ஊகிக்கலாமே தவிர, உள்ளே எழுதியது உண்மை என்று ஆகிவிடாது. “துணைக்கு வச்சுக்கலாம். அதுமேல ஏறி நிக்காத” என்றார். அப்படியே ஆயிற்று. எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது, கோர்ட் குறிப்பெழுதிக்கொண்டது, அதோடு சரி.

தடை கிடைக்கவில்லை, கமிஷனர் கிடைத்தார்

பெரியசாரும் டீக்கடை அக்காவும் வாதிகள். பொதுமக்களுக்கு ஏற்படும் கெடுதலுக்கு, தனக்கென்று நஷ்டம் இல்லாவிட்டாலும், இரண்டு பேர் கோர்ட் அனுமதியோடு வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு வழிவிடுகிறது. அரசுக்கு எதிராக என்றால் 80-ஆம் பிரிவில் இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவசரம் என்று 80(2)-இல் விலக்குக் கேட்டோம், கிடைத்தது. அக்கா வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போது, “இதுக்கு எனக்கு ஜெயில் ஒண்ணும் இல்லியே வக்கீலே?” என்று கேட்டார். இல்லை என்று சீனியர் அவர் கடையிலேயே டீ குடித்துக் காட்டினார்.

இடைக்காலத் தடை கேட்ட அன்று அரசு வக்கீல் எழுந்து சொன்னது ஒரே ஒரு பிரிவு. குறித்தவகை நிவாரணச் சட்டத்தில் 2018-இல் செய்த திருத்தம். சாலை போன்ற உள்கட்டமைப்புத் திட்டத்தின் வேலையைத் தாமதப்படுத்தும் உறுத்துக்கட்டளையை, அதாவது தடை உத்தரவை, கோர்ட் கொடுக்கக் கூடாது. அட்டவணையில் சாலை தெளிவாக இருக்கிறது. பழைய கட்டடத்துக்காகச் சிவில் கோர்ட்டுக்குப் போகிற யாருக்கும் இன்று முதலில் வந்து முட்டுகிற சுவர் இதுதான். தடை மனு தள்ளுபடி ஆகிவிடும் என்று வாசலிலேயே எங்களுக்குத் தெரியும்.

எங்களுக்கு வேண்டியது அன்று தடை அல்ல. 26-ஆம் கட்டளை 9-ஆம் விதிப்படி ஒரு வக்கீல் கமிஷனர். இடத்தைப் பார்த்து, சர்வேயர் துணையோடு அளந்து, படம் எடுத்து அறிக்கை தரச் சொல்லும் மனு. இதனால் சாலை நிற்காது என்பதால் மறுக்கக் காரணம் இல்லை. கமிஷனர் வந்தார், மூன்று நாள் அளந்தார். பழைய அளவையின் நாலு சென்ட் இன்றைய வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று சர்வேயர் வைத்துக் காட்டியபோது, மண்டபமும் கிணறும் அதற்குள் அச்சாக உட்கார்ந்தன. தூணுக்குத் தூண் அளவு, கல்வெட்டின் படம், கிணற்றின் ஆழம் எல்லாம் அறிக்கையில் ஏறின. நாளை யாராவது இடித்தாலும், இருந்தது என்பதற்கு இனி கோர்ட்டின் சாட்சி உண்டு. இந்த வேலையில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய ஆயுதம் இந்தக் கமிஷனர் மனுதான். தடைக்காக மல்லுக்கட்டித் தோற்றுப்போகும் பல வழக்குகளில் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனோம். 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி மண்டபத்தை அறிவிக்கக் கோரி இதற்குள் சரியான துறைக்கு, சரியான மாநிலத்தில், மனுக் கொடுத்திருந்தோம். அதைப் பரிசீலிக்க உத்தரவிடும்படி 226-ஆம் உறுப்பில் ரிட். இப்படிப்பட்ட ரிட்டில் வழக்கமாக வருவது ‘பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுக்கவும்’ என்ற உத்தரவு. பரிசீலனை முடியும்போது பரிசீலிக்கப் பொருள் இருக்காது. ஆனால் கமிஷனர் அறிக்கையும் வகை மாற்ற உத்தரவு இல்லை என்ற பதிலும் கூடவே இருந்ததால், இப்போதுள்ள நிலை அப்படியே தொடரட்டும் என்று ஒரு வரி கிடைத்தது. மரபு பற்றி நான் எழுதிய பதினோரு பக்கத்தை யாரும் கேட்கவில்லை. நீதிபதி கேட்ட ஒரே கேள்வி, நிலம் யாருடையது என்பதுதான்.

இடம் பெயர்ந்தது

அதன் பிறகு துறை இறங்கிவந்தது. சாலையை வளைக்க முடியாது, எதிர்ப்பக்கம் வீடுகள். மண்டபத்தைப் பிரித்து, பின்னால் உள்ள புறம்போக்கில் எங்கள் செலவிலேயே திரும்பக் கட்டித் தருகிறோம் என்றார்கள்.

பெரியசாருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கும்தான். நினைவுச்சின்னத்தை அதன் இடத்திலிருந்து பிரிக்கக் கூடாது, காப்பாற்ற வேறு வழி இல்லாதபோதோ மிகப் பெரிய தேசிய, சர்வதேச நலன் கோரும்போதோ மட்டும் நகர்த்தலாம் என்கிறது சின்னங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964-ஆம் ஆண்டின் சர்வதேச வெனிஸ் சாசனம். சீனியர் நாகார்ஜுனகொண்டாவைச் சொன்னார். கிருஷ்ணா நதியில் அணை கட்டும்போது மூழ்கப்போன பௌத்தக் கட்டடங்களைத் தொல்லியல் துறை மேட்டில் திரும்ப எழுப்பி வைத்தது அங்கேதான். சாந்தில்லாத கல் மண்டபம், பிரித்துச் சேர்க்கலாம். வழக்கை இழுத்தால் ஜெயிக்கலாம், தோற்கவும் செய்யலாம். தோற்றால் கல் ஜல்லியாகும். அவர் ஒத்துக்கொள்ளச் சொன்னார். இன்றைக்கும் அது சரியா என்று நான் யோசிப்பதுண்டு. அன்று எனக்கு மாற்று வழி எதுவும் தோன்றவில்லை.

ஒப்புதல் மனுவை எழுதியது நான். ‘ஒவ்வொரு கல்லையும் எண்ணிட்டு, புகைப்படம் எடுத்து, அனுபவமுள்ள கல் ஆசாரியின் மேற்பார்வையில் பிரித்து’ என்று எழுதினேன். எதனால் எண்ணிட வேண்டும் என்று எழுதவில்லை. சுண்ணாம்பால் எண்ணிட்டார்கள். செயின் பிளாக் போட்டுப் பிரித்த கல் புல்லில் கிடந்தபோது ஐப்பசி மழை கொட்டியது. எட்டுக் கல்லின் எண் போய்விட்டது. படங்களை வைத்து ஆறைக் கண்டுபிடித்தார் ஆசாரி. இரண்டு தூண் இடம் மாறிவிட்டது. கல்வெட்டு உள்ள உத்தரம் முகம் திரும்பி உள்பக்கமாக ஏறிவிட்டது. நாங்கள் போய்ப் பார்க்கும்போது அதன்மேல் பாவுகல் ஏற்றியாயிற்று. இன்றைக்கு அந்த எழுத்தைப் படிக்க மண்டபத்துக்குள் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். என்னிடம் வருகிற ஜூனியர்கள் ‘எண்ணிட்டு’ என்று எழுதினால், எனாமல் பெயின்டா உளியா என்று கேட்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

கல்தொட்டிக் கதை அதைவிட மோசம். வழக்கின் சொத்து விவரத்தில் மண்டபமும் கிணறும் சுமைதாங்கியும் இருந்தன. தொட்டியை எழுத விட்டுவிட்டேன். ஒரு நாள் இரவு அது காணாமல் போனது. பழைய கல்லுக்கு நகரத்தில் தோட்டம் அலங்கரிக்கிறவர்களிடம் நல்ல விலை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் புகார் கொடுத்தோம். கமிஷனர் படம் ஒன்றில் அதன் ஒரு மூலை மட்டும் தெரிகிறது, மீதியை ஒரு சைக்கிள் மறைக்கிறது. அந்த மூலையை வைத்து எந்தத் தொட்டியை அடையாளம் காட்டுவது?

கிணறு சாலைக்கு அடியில் போயிற்று. சுமைதாங்கி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மண்டபம் பின்னால் போனதால் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குத் தகர நிழற்குடை ஒன்றும் முன்னால் வந்துவிட்டது. அக்கா கடையை அதன் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். பெரியசார் பீஸ் என்று ஒரு கவரைக் கொண்டுவந்தபோது சீனியர் வாங்கவில்லை. மறுநாள் காலை ஆபீஸ் திண்ணையில் ஒரு ஏத்தன் வாழைக்குலை இருந்தது. வக்கீல் தொழிலில் இந்த வகை வழக்குக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அந்தக் குலைதான். மற்ற நாட்களுக்கு விபத்து வழக்கு இருக்கிறது.

1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கொடுத்த மனு இன்னும் முடியவில்லை. இரண்டு தடவை வந்து பார்த்தார்கள், அளந்தார்கள். கடைசியாக வந்த கடிதத்தில் ஒரு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். மண்டபம் இப்போதுள்ள இடத்தில் எழுப்பி சில ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே அதை நூறு ஆண்டுக்கு மேல் உள்ள கட்டடம் என்று எப்படிக் கொள்வது? கடிதத்தைக் கொண்டுபோய் சீனியர் வீட்டில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார். “கேள்வி நல்ல கேள்விதான் கேட்டியா” என்றார். பழைய செட்டில்மென்ட் நகல், கமிஷனரின் தூண் அளவுகள், இப்போதைய தூண் அளவுகள் மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பதில் தயார் செய்திருக்கிறேன். இடம் மாறிய இரண்டு தூண்களையும் அதில் மறைக்காமல் குறித்திருக்கிறேன். கோடை விடுமுறை முடிந்ததும் தாக்கல் செய்ய வேண்டும்.